ஒரே சாவு... நான்கு பதிவேடு!

உங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் சென்ற ஆண்டு எத்தனை உயிர்கள் பலியாயின? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பாருங்கள். காவல் நிலையத்தில் ஓர் எண் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் வேறொரு எண். நெடுஞ்சாலைத் துறையில், 'போலீஸ் கொடுத்தால்தான் எங்களுக்குத் தெரியும்' என்பார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ ஆய்வுக்கு வந்த வண்டிகளின் கணக்கு இருக்கும். வண்டியில் வந்தவன் என்ன ஆனான் என்ற கணக்கு இருக்காது.

செத்தவன் ஒருவன். அவனுக்கு எழுதிய கணக்கு நான்கு!

உள்ளூரில்தான் இந்தக் குழப்பம் என்று எண்ணிவிடாதீர்கள். டெல்லியிலும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கின்றது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதே ஆண்டுக்கு 1,71,100 பேர் என்கின்றது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். இருவருமே மாநிலக் காவல்துறைகளிடம் கேட்டு வாங்கித்தான் எழுதுகின்றார்கள். அப்படியிருந்தும் வித்தியாசம் 2,609 பேர். ஒரு கிராமமே விடுபட்டுப் போயிருக்கின்றது!

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தால் இன்னும் அதிர்ச்சி. 2016ஆம் ஆண்டுக்கு இந்திய அரசு சொன்ன சாவு 1,50,785. அந்த நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091. அது மதிப்பீடுதான், தலையெண்ணிய கணக்கல்ல. அரசு பாதியை மறைத்துவிட்டது என்று அடித்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அதை மறுப்பதற்காவது நம் கையில் நம்பத்தகுந்த ஒரு கணக்கு வேண்டாமா?

பிணங்கள் எப்படிக் கணக்கிலிருந்து நழுவுகின்றன? யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. ஒரு கூலித் தொழிலாளி சைக்கிளில் பைபாஸைக் கடக்கும்போது லாரி மோதிவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 வருகின்றது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். போடுகின்றார்கள். காவல் நிலையத்தில் 'காயம்' என்று எஃப்.ஐ.ஆர். பதிவாகின்றது. அங்கிருந்து வெளி மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகின்றார். பதினெட்டாம் நாள் உயிர் பிரிகின்றது. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு என்பதுதான் விதி. எனவே அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மரணத் தகவல் பழைய காவல் நிலையத்திற்கு வந்து சேர வேண்டும். அங்கே வழக்கு, மரணத்திற்கான 106ஆவது பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும். மேலே அனுப்பிய கணக்கும் திருத்தப்பட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார். பதிவேட்டில் மட்டும் இன்னும் 'காயமடைந்தவர்' வரிசையில் உயிரோடு இருக்கின்றார்!

குடும்பத்தாரே சங்கிலியை அறுத்துவிடுவதும் உண்டு. நம் சமுதாயத்தில் இது அதிகம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'மையித்தை அறுக்க வேண்டாம், சீக்கிரம் அடக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜனாஸாவை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகின்றார்கள். அந்த உணர்வு நமக்குப் புரியாததல்ல. ஆனால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இல்லாவிட்டால் இழப்பீட்டு மனு எந்த அளவுக்கு இழுத்தடிக்கப்படும் என்பது, பின்னால் நடையாய் நடக்கும் விதவைக்குத்தான் தெரியும். மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வாகனமாக இருந்தாலும், 2022 ஏப்ரல் முதல், மரணத்திற்கு இரண்டு லட்சம் ரூபாயும் பலத்த காயத்திற்கு ஐம்பதாயிரமும் அரசுத் திட்டத்தில் உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குக் காவல்துறையே இதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் அந்த உத்தரவு வந்தது.

இழப்பீடு இறந்தவருக்கானது. அடுத்து சாகப்போகிறவரின் கதை என்ன?

500 மீட்டர் நீளத்திற்குள் மூன்று ஆண்டுகளில், சாவோ பலத்த காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் பதிவாகியிருந்தால், தேசிய நெடுஞ்சாலையில் அந்த இடம் 'கரும்புள்ளி' என்று அறிவிக்கப்படும். அப்போதுதான் பணம் ஒதுக்குவார்கள். விளக்கு வரும், தடுப்பு வரும், சுரங்கப்பாதை வரும். எஃப்.ஐ.ஆரிலோ 'டீக்கடை அருகே' என்று எழுதியிருக்கும். டீக்கடை இடம் மாறிப் போயிருக்கும்! அந்த 500 மீட்டரில் பாதி ஒரு காவல் நிலைய எல்லை, மீதி பக்கத்து நிலைய எல்லை என்றால் இங்கே மூன்று, அங்கே இரண்டு. இரண்டு நோட்டிலும் கரும்புள்ளி இல்லை. சாலையில் மட்டும் இருக்கின்றது!

கருவி இல்லையா என்றால், இருக்கின்றது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய 'ஐராட்' என்ற விபத்துத் தரவுத் தளம் 2021இல் முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் விபத்து நடந்த இடத்திலேயே நின்று செல்போனில் பதிவு செய்தால் இடம் துல்லியமாக விழுந்துவிடும். அதே பதிவில் போக்குவரத்துத் துறை வண்டியின் நிலையையும், நெடுஞ்சாலைத் துறை சாலையின் நிலையையும், சுகாதாரத் துறை காயத்தின் தன்மையையும் எழுத வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்குப் போக வேண்டும். சட்டமும் இருக்கின்றது, கம்ப்யூட்டரும் இருக்கின்றது. நான்கு துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து 'உன் பட்டியலில் இருக்கும் இந்தப் பெயர் என் பட்டியலில் ஏன் இல்லை?' என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம்தான் இல்லை.

சுவீடன் நாட்டில் 2003 முதல் 'ஸ்ட்ராடா' என்ற ஒரே பதிவில் காவல்துறைத் தகவலும் மருத்துவமனைத் தகவலும் சேருகின்றன. சைக்கிளில் தானாகவே சறுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் போலீசுக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கைச் சேர்த்த பிறகுதான் இவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வந்தது.

'மருத்துவ விவரமெல்லாம் போலீஸ் கைக்குப் போவதா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான அச்சம். சாலையைத் திருத்துவதற்கு நோயாளியின் முழு வரலாறு எதற்கு? தேதி, நேரம், இடம், எந்த வாகனம், என்ன காயம், பிழைத்தாரா இல்லையா... இவ்வளவு போதும். தவறு செய்தவரைத் தேடும் விசாரணை வேறு, சாலையின் குறையைத் தேடும் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பினால் டாக்டர்களும் எழுத மாட்டார்கள், காயம்பட்டவரும் உண்மை சொல்ல மாட்டார்.

இன்னொரு உண்மையையும் அதிகாரிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணக்கு சரியானால் முதலில் எண் ஏறும். 'போன வருடத்தை விடக் குறைத்துக் காட்டு' என்று மேலிடம் நெருக்கும்போது, எந்த மாவட்டம் தானாக முன்வந்து அதிகமாகக் காட்டும்? 2022இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் (64,105) பதிவான மாநிலம் தமிழ்நாடு. இறந்தவர்கள் 17,884 பேர். அதில் நாம் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்த இடம். இங்கே சிறு விபத்துகளும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகின்றன என்பதும் அந்த முதலிடத்திற்கு ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். ஆகவே, எண் ஏறியதற்காக எந்த அதிகாரியையும் கண்டிக்கக் கூடாது. விடுபட்ட பெயரைக் கண்டுபிடித்தவரைப் பாராட்ட வேண்டும். இதை அரசு ஓர் ஆணையாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாசகர்களே! மாவட்டந்தோறும் ஆட்சித் தலைவர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கின்றது. காவல்துறை, போக்குவரத்து, நெடுஞ்சாலை அதிகாரிகள் வந்து உட்காரும் அந்தக் கூட்டத்திற்கு, அந்த மாதம் ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்களின் பட்டியலும் 108இன் பட்டியலும் வர வேண்டும். பெயருக்குப் பெயர் ஒப்பிட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதைக் கேட்டு மனு கொடுங்கள். உங்கள் ஊர்ச் சாலையின் ஒரு கிலோ மீட்டரைக் குறிப்பிட்டு, மூன்று ஆண்டுச் சாவுக் கணக்கைக் காவல்துறையிடமும் மருத்துவமனையிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் கைக்கு வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போங்கள்.