சோத்தைக் குறைச்சா மெடல் வருமா?

'சோத்தைக் குறை, வெயிட் போடுது!' தஞ்சை, திருவாரூர் பக்கம் ஓட்டம், கபடி என்று மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பழகிப்போன அறிவுரை இது. நெல் விளையும் ஊரிலேயே சோறு குற்றவாளி ஆகிவிட்டது. ஆனால், சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் என்ன ஆகும்?

100 கிராம் கதை

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டிக்குத் தகுதிபெற்றிருந்த வினேஷ் போகத், 50 கிலோ வரம்பைவிட 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும், முடியை வெட்டியும் எடை இறங்கவில்லை. அது ஊரே பார்த்த ஒரு ராத்திரி. மாதக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்டு ஆடுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தி போதாவிட்டால், உடம்பு மற்ற செலவுகளை வெட்ட ஆரம்பிக்கும். ஹார்மோன் குறையும், மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகி விரிசல் விடும். ஆண்களுக்கும் இது வரும். முதலில் சில வாரம் எடை குறைந்து வேகம் கூடலாம். எல்லோரும் ஏமாறுவது அங்கேதான்.

ஒரு கணக்கு பாருங்க

50 கிலோ எடையுள்ள மாணவி ஒருவருக்குக் கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குச் சுமார் 45 கலோரி வீதம் 1,800 வேண்டும். பயிற்சிக்கு 500 சேர்த்தால் 2,300. அவர் 1,600 கலோரி மட்டும் சாப்பிட்டால் மிஞ்சுவது 1,100, அதாவது கிலோவுக்கு 27.5. பொதுவாக 30-க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. குறைத்த மூன்றரை கப் சோறுதான் அந்தப் பள்ளம்!

என்ன செய்யணும்?

வளரும் வயதுப் பிள்ளையை எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடக் கூடாது. அடுத்த பிரிவில் ஆட விடலாம். வெறும் டீயோடு காலைப் பயிற்சிக்குப் போகாமல் இரண்டு வாழைப்பழம், பயிற்சி முடிந்ததும் இட்லியோ தயிர்ச்சோறோ, கூடவே முட்டை அல்லது சுண்டல். இதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை.

'பிராக்டீஸ் ஜாஸ்தி, அதான் பீரியட்ஸ் வரலை' என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். எலும்பு பெரும்பாலும் பதின்பருவத்தில்தான் உறுதியாகிறது. அப்போது இழந்ததை முழுசாக மீட்பது கஷ்டம்.

எல்லார் முன்னாலும் எடை போட்டுக் கிண்டலடிப்பதை முதலில் நிறுத்துவோம். விளையாட்டு விடுதிகளிலும் பள்ளி அணிகளிலும் கோச் வைத்திருக்கும் நோட்டில் எடையோடு சேர்த்து, சாப்பிட்டாரா, தூங்கினாரா, அடிக்கடி அடிபடுகிறதா என்பதையும் எழுதட்டும். மாணவிகளின் மாதவிடாய் பற்றிக் கேட்க, அவர்கள் கூச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு பெண் பொறுப்பாளர் இருக்கட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். அரசும் பள்ளிகளும் இந்த சீசனிலேயே தொடங்கலாம்.