பழைய படத்தைப் பத்திரப்படுத்துக!

இடமாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நம் இல்லங்களில் முதலிற் கழிக்கப்படுவன பழைய காகிதங்களே. சென்ற ஆண்டு இவ்வூருக்கு மூட்டை கட்டியபோது, நம் அன்னையாரின் மார்பக எக்ஸ்ரே படங்கள் இருந்த உறையையும் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டோம்.

மாதவிலக்கு நின்றபின் உண்டான உடல் வெப்பத்துக்கும் உறக்கமின்மைக்கும் அன்னையார் மருத்துவர் சொற்படி ஹார்மோன் மாத்திரை உட்கொண்டு வந்தார். இங்கு எடுத்த மேமோகிராம் படத்தில் மார்பகம் மிகுதியும் வெண்மையாகத் தோன்றிற்று. "முந்தைய படம் எங்கே?" என்று மருத்துவர் வினவினார். நாம் தலை குனிந்தோம்.

அவர் விளக்கியது இது: அப்படத்திற் கொழுப்புக் கருமையாகவும், சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் வெண்மையாகவும் விழும். கட்டியும் வெண்மையாகவே விழுவதால், அடர்த்தி மிகுந்த மார்பகத்திற் சிறு கட்டி மறைந்துகொள்ளும். அடர்த்தி தானும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதே. கையால் தொட்டு இதனை அறிய இயலாது, படமே காட்டும்.

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த மாத்திரை சிலருக்கு முதலாண்டிலேயே அடர்த்தியைக் கூட்டும்; நிறுத்தினாற் பெரும்பாலும் குறையும். அமெரிக்காவில் 16,608 மாதர் பங்குகொண்ட ஆராய்ச்சியில், அம்மாத்திரை உண்டோரிடையே மார்பகப் புற்றுநோய் முதலிய கேடுகள் மிகுந்தமை கண்டு, 2002ஆம் ஆண்டு அதனை இடையில் நிறுத்தினர். டமாக்ஸிபென் மாத்திரையோ அடர்த்தியைக் குறைப்பதுண்டு. நோய்த் தடுப்புக்காக அதனை உண்டவருள், அடர்த்தி நன்கு குறைந்தவர்க்கே பயன் மிகுதி என்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று.

ரயில்வே எழுத்தரான நமக்கு இது விளங்காததன்று. புறப்பட்ட நேரம் தெரியாமல் வண்டி வழியில் இழந்த நேரத்தைக் கணக்கிடுவது எங்ஙனம்? ஒரு படம் நிலையைச் சொல்லும். மாற்றத்தைச் சொல்ல இரண்டு வேண்டும்.

அல்ட்ராசவுண்டு சோதனையும், ஆறு மாதம் கழித்து மறுபடமும் எடுத்த பின்னரே அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை எனத் தெளிந்தோம். பழைய படம் இருந்திருப்பின் அன்றே தெளிந்திருக்கக் கூடும். அந்த ஆறு மாதமும் அன்னையார் நம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே நமக்குத் தண்டனையாயிற்று.

ஆகவே, சகோதரிகளே, படங்களையும் அறிக்கைகளையும், எந்த மாத்திரையை எந்நாள் தொடங்கினீர்கள் என்னும் குறிப்பையும் ஒரே உறையிலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். அச்சத்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. அதனை மருத்துவரே தீர்மானிக்கட்டும். அடுத்த இடமாற்றலின்போது அவ்வுறை, ரேஷன் அட்டையோடு கைப்பெட்டியில் ஏறட்டும்.