'மேனகா' நாவலும் வாசகர் தீர்ப்பும்

துப்பறியும் நாவல் என்றதுமே "பொழுதுபோக்கு நூல்தானே!" என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை தமிழாசிரியர்களாகிய நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பண்டித நடேச சாஸ்திரியாரின் 'தானவன்' 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நாள் தொட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் விரும்பிப் படித்துவரும் இலக்கிய வகை இது. மக்கள் ஏன் படித்தார்கள், படித்து என்ன நினைத்தார்கள் என்று கேட்பதும் இலக்கியத் திறனாய்வின் கடமையே ஆகும்.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) துப்பறியும் நாவலாசிரியராகப் பெரும்புகழ் பெற்றவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்படமாக்கிய 'திகம்பர சாமியார்' இவருடைய கதையே. ஆயினும் வாசகரிடையே மாறுபட்ட கருத்துகளை எழுப்பிய நாவல் 'மேனகா' எனலாம். டி.கே.எஸ். சகோதரர்கள் அதனை மேடையேற்றினர். 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் அது திரைக்கும் வந்தது. மர்மமும் திடுக்கிடும் திருப்பங்களும் நிறைந்த அக்கதையின் உள்ளே இருப்பது ஒரு குடும்பக் கொடுமை. மருமகளாக வந்த மேனகாவைக் கணவன் வீட்டார் துன்புறுத்துகின்றனர். முடிவில் நைனா முகம்மது மரக்காயர் என்னும் செல்வருக்கு அவளை விலைபேசி விற்றுவிடுகின்றனர். கணவனோ காணாமற்போன மனைவியின் ஒழுக்கத்தையே ஐயுறுகிறான். அவளைக் காப்பாற்றுபவள் அம்மரக்காயரின் மனைவி நூர்ஜஹான்.

எம்.ஃபில். பயிலும் மாணவி ஒருவர் இந்நாவலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்பியபோது, துறையிலும் வெளியிலும் பலர் தத்தம் கருத்துகளைக் கூறினர். சமுதாயப் பெரியவர் ஒருவர், "கெட்டவனுக்கு மரக்காயர் என்று பேர் வைத்திருக்கிறானே, அதை நம் பிள்ளை ஏனம்மா ஆராய வேண்டும்?" என்று வருந்தினார். இவ்வருத்தத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. கடல் வாணிகத்தாலும் கொடைச் சிறப்பாலும் பெயர்பெற்ற ஒரு குலப்பெயர், தமிழில் பல்லாயிரவர் படித்த கதையில் பெண்ணை விலைக்கு வாங்குபவனின் பெயராகி நிற்கிறது. 'வேற்றான்' ஒருவனைக் கொண்டுவந்தால் வாசகரின் அச்சம் எளிதில் கூடும் என்பதை ஆசிரியர் அறிந்தே செய்திருக்கிறார் என்பது என் துணிபு. இது நாவலின் குறையே.

வேறு சிலர், "நூர்ஜஹானைப் பாருங்கள்! நம் குலப் பெண்மணியை எவ்வளவு உயர்த்திக் காட்டியிருக்கிறார்!" என்றனர். இதுவும் உண்மையே. 1920களில் ஒரு வைணவ எழுத்தாளர், தன் கணவனுக்கு எதிராகவே நின்று அறத்தைக் காக்கும் முஸ்லிம் மனைவியைப் படைத்திருப்பது சிறிய செய்தியன்று. எனினும் ஒரு நல்லவளைக் காட்டி ஒரு கெட்டவனின் கணக்கைத் தீர்த்துவிட முடியுமா? அது வணிகர் பேரேட்டு முறை. இலக்கியத்துக்குப் பொருந்தாது.

இவ்விரு சாராரையும் பொறுமையாகக் கேட்டிருந்த அம்மாணவி, "வாங்கியவர் பெயரைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். விற்றவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா" என்றார். அவை சற்றுநேரம் அமைதியாயிற்று.

என் கருத்தில், இந்நாவலைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் தலையாயது இதுவே. துப்பறியும் கதையின் உயிர்நிலை 'குற்றவாளி யார்?' என்னும் வினா. மேலைநாட்டுக் கதைகளில் அக்குற்றவாளி பெரும்பாலும் பூட்டிய அறைக்குள் கொலை செய்துவிட்டு மறைந்தவன். இங்கோ குற்றம் அடுக்களையில் தொடங்குகிறது. சீர்வரிசையில் மனக்குறை, நாத்தனார் ஏச்சு, வாய்திறவாக் கணவன் என்று நாள்தோறும் வளர்கிறது. பேரம் பேசும் நாளில் அது முதிர்ந்துவிட்ட குற்றம், அவ்வளவுதான். மரக்காயர் வருவதற்கு முன்னரே மேனகா அவ்வீட்டில் மனுஷியாக மதிக்கப்படவில்லை. வாசகர் சினம் முழுவதும் வாங்கியவன்மேல் பாய்ந்துவிடுவதால், விற்ற வீடு தப்பிவிடுகிறது. முஸ்லிம் வாசகர் பெயரைக் கண்டு வெகுள்கிறார். பிற வாசகர் அதே பெயரைக் கண்டு நிறைவடைகிறார். இருவருமே அடுக்களைக்குள் திரும்பிப் பார்ப்பதில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கதை இது. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய நம் சமுதாயத்திலும் 'கைக்கூலி' என்றும் 'சீர்' என்றும் பெயர் மாற்றிப் பேரம் நடப்பதைப் பெரியவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆகவே அவ்வீட்டைப் பிராமண வீடு என்று மட்டும் எண்ணிப் படிக்க நமக்கு உரிமையில்லை.

நடையைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் கதையை இடையில் நிறுத்திவிட்டு நெடிய அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார். இளைஞர்கள் அப்பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பதாகக் கூறினர். நானும் அவர்கள் கட்சியே! மேனகாவின் துயரம் சொல்லாததையா அவ்வறிவுரை சொல்லிவிடப் போகிறது?

தலைப்பை மாற்றிக்கொள்ளுமாறு அம்மாணவிக்கு அறிவுரை கூறியவர் பலர். மாற்ற வேண்டுவதில்லை என்பதே என் முடிவு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். 1938இல் உ.வே.சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளிவந்த 'காதலா? கடமையா?' என்னும் நாவலை எழுதியவர் நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம். முஸ்லிம் பெண்ணைப் பிறர் எழுதியதற்கும், முஸ்லிம் பெண்ணே பேனா பிடித்ததற்கும் இடையே சில ஆண்டுகளே உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, நூர்ஜஹானைப் பற்றி அவர் என்ன எழுதப்போகிறார் என்று காண ஆவலாயிருக்கிறேன்.