மறுகூட்டல் இல்லாத மதிப்பெண்

பேப்பர் திருத்திக் கொடுத்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வருவான். "சார், கூட்டல் தப்பு, நாலு மார்க் விட்டுட்டீங்க." வாத்தியார் முறைப்பார், ஆனால் கூட்டிப் பார்ப்பார். நம் எல்லோருக்கும் கிடைத்த இந்தச் சின்ன உரிமை அமெரிக்காவின் ஹூஸ்டன் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மதிப்பெண் போட்டது ஒரு மென்பொருள்.

அதன் பெயர் ஈவாஸ்; விற்பது சாஸ் நிறுவனம். வேளாண்மைத் துறையில் புள்ளியியல் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் சாண்டர்ஸ் அதன் மூலவடிவை டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். 1992இல் டென்னசி மாநிலம் அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. பொலிகாளையின் தரத்தை அதன் பெண் கன்றுகள் பின்னாளில் கறக்கும் பாலை வைத்து மதிப்பிடும் கணக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மாட்டுக்குப் போட்ட கணக்கு என்று நான் கேலி செய்யவில்லை. கணக்குக்கு ஜாதி கிடையாது.

அடிப்படை யோசனையும் நியாயமானதுதான். இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிதான் எப்போதும் நல்ல பள்ளி. பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே சரி. என் சண்டை அதோடு இல்லை.

அடுத்த படியோடுதான் சண்டை. பழைய மதிப்பெண்களை வைத்து இந்த மாணவன் இந்த ஆண்டு இவ்வளவு வாங்குவான் என்று மாடல் கணிக்கிறது. கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பு முழுக்கத் திரட்டி அதற்கு 'ஆசிரியர்' என்று பெயர் வைக்கிறது. அப்பாவுக்கு வேலை போனது, பரீட்சையன்று வந்த காய்ச்சல், பணம் கட்டிப் போன டியூஷன் எல்லாம் அந்த மீதியில்தான் கிடக்கின்றன. தேர்வு மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்வதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் அறிக்கை விட்டது.

பொருளியலாளர் ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் 2010இல் வெளியிட்ட சோதனை இன்னும் எளிமையானது. வட கரோலினா மாணவர்களின் தரவை எடுத்து இவ்வகை மாடல்களிடம் ஒரு அபத்தக் கேள்வி கேட்டார்: ஐந்தாம் வகுப்பு ஆசிரியரால் நான்காம் வகுப்பிலேயே நடந்து முடிந்த வளர்ச்சியை மாற்ற முடியுமா? முடியும் என்றன மாடல்கள். நாளைக்கு வரப்போகிறவர் நேற்றை மாற்றிவிட்டாராம். உண்மையில் நடந்தது வேறு. எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் போகிறது என்பது குலுக்கலில் முடிவாவதில்லை. அந்தப் பாகுபாட்டைத்தான் மாடல் திறமை என்று படித்திருக்கிறது.

சரி, பிழை எல்லா அளவீட்டிலும் உண்டு. பிழை இருந்தால் திருத்த வழி இருக்கிறதா? ஹூஸ்டன் ஆசிரியர் சங்கம் போட்டிருந்த வழக்கில், 2017இல், பதில் நீதிமன்றப் பதிவில் ஏறியது. கணக்கு முறையும் நிரலும் வணிக ரகசியம். தன் மதிப்பெண் எப்படி வந்தது என்று ஆசிரியர் சரிபார்க்க முடியாது. ஒருவருடைய பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டினால் மற்ற எல்லோருடைய எண்ணும் மாறக்கூடும் என்பதால் தனி ஒருவருக்காக மறுகணக்கும் கிடையாது.

நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பக்-ஐ மூடினால் வேறு ஏதோ மாறும் என்பது எங்களுக்கு அன்றாடச் சங்கதி. அதற்காகப் பக்-ஐ அப்படியே விட்டுவிட்டு வாடிக்கையாளரை வேலையை விட்டு அனுப்புவோமா?

"அப்போ ஹெட்மாஸ்டரோட இஷ்டத்துக்கு விட்டுடலாமா?" என்று கேட்பார்கள். ஹெட்மாஸ்டர் பாரபட்சம் பார்ப்பார்தான். ஆனால் அவர் அறைக்குள் போய்ச் சண்டை போடலாம், காரணம் கேட்கலாம். மூடிய நிரலிடம் யார் போய் என்ன கேட்பது?

வழக்குத் தொடரலாம் என்று நீதிபதி அனுமதித்தார். அந்த ஆண்டே சமரசமானது. சரிபார்க்க முடியாத இந்த எண்ணை வைத்து யாரையும் வேலைநீக்கம் செய்வதில்லை என்று பள்ளி நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அளக்கட்டும். எந்தப் பள்ளியில் யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க இந்த எண் உதவும். ஆனால் ஒருவருடைய வேலையில் கை வைப்பதற்கு முன் நிரலைத் திறந்து காட்டட்டும், எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பை அச்சிடட்டும், கேட்டவருக்கு மறுகூட்டல் தரட்டும். கடைசி பெஞ்ச் பையனுக்குக் கொடுத்ததை அவனுடைய வாத்தியாருக்கும் கொடுக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.