இடம் விட்டு எழுதியது என் தப்பா?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளியின் பழைய படங்களை ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றி வைத்திருந்தேன். ‘ஆண்டு விழா 1987’, ‘மூன்றாம் வகுப்பு 1991’ என்று ஃபோல்டர்களுக்குப் பெயர். போன வாரம் கணினித் துறையில் இருக்கும் என் மாணவன் ஒருவன், உதவி செய்கிறேன் என்று எல்லாப் பெயரிலும் இடைவெளியை எடுத்துவிட்டுச் சின்னக் கோடு போட்டுவிட்டான். இத்தனை வருடம் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு லிங்க்கும் இப்போது திறக்கவில்லை. காலமான நம் தலைமையாசிரியரின் மகள் போன் செய்து, “டீச்சர், அப்பா படம் இருந்த பக்கத்தைக் காணோமே” என்று கேட்கிறார். இவனைக் கேட்டால், “ஸ்பேஸ் விட்டது உங்க தப்பு டீச்சர்” என்கிறான்.

ஒன்றாம் வகுப்பில் எல்லாச் சொல்லையும் ஒட்டி எழுதியவன் இவன். விரலை வைத்து இடம் விட்டு எழுத வைத்தவள் நான்! (ஓலைச்சுவடியில் இடைவெளியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அதைப் பிரித்துப் படிக்கப் பட்ட பாடு பதிப்பித்தவர்களுக்குத்தான் தெரியும்.)

இணைய முகவரிக்குள் இடைவெளி அப்படியே வரக்கூடாது என்பது விதி. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழியும் வைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் %20 என்று. ஆஸ்கி அட்டவணையில் இடைவெளியின் எண் 32. இரண்டு பதினாறு முப்பத்திரண்டு, அதனால் பதினாறு அடிப்படையில் எழுதினால் 20. பிரவுசரே அதை மாற்றிக்கொள்ளும். பார்க்க அசிங்கமாம்! தமிழில் பெயர் வைத்தால் ஒற்றை ‘க’வே முகவரியில் ஒன்பது குறியாக நீளும். இடைவெளிக்கு மூன்றே குறி. அப்படியானால் தமிழையும் எடுத்துவிடலாமா?

டாஸ் காலத்தில் எட்டெழுத்துக்குள் பெயரைத் திணித்தோம். 1995-இல் விண்டோஸ் 95 வந்து, நீளமாக, இடம் விட்டுப் பெயர் வைக்கலாம் என்றது. லினக்ஸ் கட்டளையில் இடைவெளி வந்தால் ஒரு பெயரை இரண்டாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது. 2001-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2-இன் நிறுவு நிரலில் அந்தக் குறியை விட்டுவிட்டார்கள். டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் அழிந்தே போயின. பெயர் வைத்தவர் குற்றமா அது? நிறுவனம்தான் திருத்தி 2.0.1 வெளியிட்டது.

புதிதாக வைக்கும் பெயருக்குக் கோடு நல்லதுதான். இடைவெளியோடு முகவரியைத் தட்டி அனுப்பினால் லிங்க் முதல் இடைவெளியிலேயே அறுந்துவிடுகிறது, பார்த்திருக்கிறேன். இனி நானும் கோடுதான் போடுவேன். ஆனால் ஊருக்கெல்லாம் கொடுத்த முகவரியை மாற்றுகிறவன், பழையதைத் தேடி வருகிறவரைப் புதியதற்கு அனுப்ப 301 ரீடைரக்ட் போட வேண்டாமா? வீடு மாறினால் தபால் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம் இல்லையா?

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்மேல் வருத்தம் இருக்கிறது, கோபம் இந்தப் பதிவோடு சரி. இன்று ராத்திரிக்குள் அந்த ரீடைரக்டைப் போட்டுவிடு. முதலில் 1987 ஆண்டு விழா. அந்த அம்மா காத்திருக்கிறார்.