முற்றுப்புள்ளிக்கு என்ன பஞ்சம்?

பொடியன் ஒருத்தன்ட சிறுகதைத் தொகுப்பில ஒரு பதினாலு பக்கக் கதை. ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. "என்ன தம்பி இது?" எண்டு கேட்டா, "நனவோடை உத்தி காக்கா, உங்களுக்கு விளங்காது" எண்டு சொல்லிட்டு போனை நோண்டுறான். விளங்காதாம்! பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை கிடக்கே, அது? அதுவும் மனசிட ஓட்டமாம். மனசு எழுத்துப்பிழையோடயா ஓடும், சொல்லுங்க பாப்பம்?

கேட்டா ஜேம்ஸ் ஜொய்ஸை இழுக்கிறான். சரி, 'யுலிசிஸ்' கடைசி அத்தியாயத்தில புள்ளி இல்லாத மாதிரித்தான். ஆனா அந்த மனிசன் 1904 ஜூன் 16 எண்ட ஒரே ஒரு நாளை எழுத 1914 இல இருந்து 1921 வரைக்கும் மினக்கெட்டவர். டப்ளின் வீடு, தெரு எப்படி எண்டு மாமிக்குக் கடிதம் போட்டு விசாரிச்சவர். நம்மட ஆள் ஒரு ராவில வட்ஸ்அப்பில டைப் பண்ணிட்டான்.

ஜொய்ஸை விடுங்க. சி.சு. செல்லப்பாட 'ஜீவனாம்சம்' இருக்கு. புருசனை இழந்த ஒரு பொம்புளட நெஞ்சுக்குள்ளதான் முழு நாவலும். எஸ்.பொ.ட 'சடங்கு' இருக்கு. கொழும்புக் கிளாக்கர் ஒருத்தர் லீவில யாழ்ப்பாணம் வந்து போறார், அவ்வளவுதான் கதை. அந்த மனிசனுக்கு என்ன பசி, என்ன அவசரம் எண்டு நமக்குத் தெரியும். எஸ்.பொ. இந்தா, பக்கத்தில மட்டக்களப்பில படிப்பிச்சவர்தானே!

இவன்ட கதையில நினைக்கிறது ஆரு? எங்க நிண்டு நினைக்கிறான்? ஒரு கோதாரியும் இல்ல. இருள், வெளி, சூனியம், நான் என்பது நானா... வேற ஊரில இருந்து பார்சலில வந்த மனசு.

நம்மட ஊரில மனசுக்கா பஞ்சம்? உம்மா ஒராள் குசினியில மீன் வெட்டிக்கொண்டிருப்பா. தூரத்தில ரெயில் கூவும். எங்க இருந்து வந்ததெண்டு தெரியாம, ஏறாவூரில நம்மட சனத்தைக் கொலை செஞ்ச 1990 ஆகஸ்ட் ராவு வந்து பக்கத்தில குந்தும். கை நிண்டுரும். வீட்டில ஆரும் ஒண்டும் கேக்க மாட்டம். கொஞ்சத்தால அவவே, "உப்பு எங்க மகள் வெச்ச?" எண்டு கேப்பா. இப்படி நிண்ட கைகளை ஏறாவூரில காணாத ஆள் ஆரு? அந்த ராவில இருந்து உப்புக்குத் திரும்பி வாற தாவலை எழுதத்தானே இந்த உத்தி! அதுக்கு வெட்டி வெட்டி எழுதணும், திருப்பித் திருப்பிப் படிக்கணும். அங்கதான் கஷ்டம்.

சரி, அவன் சின்னப் பொடியன். பிரஸ்ஸுக்குப் போகமுன்ன படிச்சுப் பாத்த பெரியாள் ஆரு? ஆருமில்ல. அணிந்துரை எழுதினவரும் தலைப்போட நிண்டுட்டார் போல. ஆனா வெளியீட்டு விழா மட்டும் ஜோர்! மூணு மணி எண்டு கார்டு, தொடங்கினது அஞ்சுக்கு. பொன்னாடைக்குக் குறைவில்ல. ஆய்வுரை செஞ்சவர் வேர்ஜினியா வூல்பை "அவர் ஒரு பெரிய மனிசன்" எண்டு ஆம்புளையாக்கிட்டு இறங்கினார். கைதட்டல் வேற! முதற்பிரதி வாங்கின முதலாளி என்வலப்பைக் குடுத்துட்டு, புத்தகத்தைக் கதிரையிலயே வெச்சிட்டுப் போயிட்டார்.

அடுத்த தொகுப்பும் ரெடியாம். இந்த முறை கமாவும் இல்லையாம். கார்டில ஆய்வுரைக்கு என்ட பேரைப் போட்டிருக்கான், ஒரு வார்த்தை கேக்காம.