நாட்டுச் சர்க்கரைக்கு ஏன் அந்த 'நாட்டு'?

சர்க்கரைப் பொங்கலுக்குச் சர்க்கரை போடுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் வெல்லம்தான். அந்தப் பெயர் வைத்த காலத்தில் சர்க்கரை என்றாலே கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த பழுப்புச் சரக்குதான். வெள்ளைச் சரக்கு பிற்பாடு வந்து பெயரைப் பிடித்துக்கொண்டது. பழைய சொந்தக்காரர் நாட்டுக்கோழியைப் போல ஓர் அடைமொழியோடு ஒதுங்கிக்கொண்டார்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. சர்க்கரா என்றால் சரளை, பொடிக்கல். பாகு ஆறும்போது தேய்த்துத் தேய்த்து உதிர்க்கிற கவுந்தப்பாடிச் சர்க்கரையைக் கையில் அள்ளினால் பெயர்ப் பொருத்தம் தானே விளங்கும். (பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது அதுதான்.) அதே சொல் பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர் என்றாகி, ஐரோப்பா போய், 'உங்களுக்கு சுகர் இருக்கு' என்று டாக்டர் வாயால் நம்மிடமே திரும்பியிருக்கிறது. மலையாளத்துச் சக்கர, போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து 'ஜாகரி' ஆனது. 1879-இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த பொருள்களோடு மல்லாடிக்கொண்டிருந்த ஃபால்பெர்க் என்ற வேதியியலாளரின் கையில் ஒட்டிய தித்திப்புக்கும் சாக்கரின் என்று இந்தக் குடும்பப் பெயர்தான். அதில் கரும்பு துளியும் கிடையாது. சரளைக்கு வந்த வாழ்வு!

மதுரை, நெல்லைப் பக்கம் வெள்ளைச் சரக்குக்குப் பெயர் சீனி. சீன நாட்டோடு சேர்த்து வைத்தது. ஈழத்திலும் அப்படியே. அங்கே சர்க்கரை என்று கேட்டால் வெல்லம் வரும். கோவைப் பக்கத்துப் பெரியவர்களோ அஸ்கா என்பார்கள். அஸ்கா ஓர் ஊர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருஷிகுல்யா ஆற்றங்கரையில் இருக்கிறது. 1936 வரை கஞ்சம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை ஓடியது. மூட்டை வந்த ஊரின் பெயர் சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது.

இவர்கள் செய்ததுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. வந்த சரக்கை வந்த இடத்தின் பெயரால் கூப்பிட்டார்கள். இருந்த சரக்கின் பெயரில் கைவைக்கவில்லை. ரேஷன் கடைப் பலகைதான் எல்லா ஊருக்கும் பொதுவாகச் 'சர்க்கரை' என்று எழுதிக் கணக்கைக் குழப்பிவிட்டது. திருநெல்வேலிக்காரர் அதற்கெல்லாம் மசிகிறவரா? பலகைக்கு நேரே நின்றுகொண்டே, "சீனி வந்துட்டா?" என்றுதான் கேட்கிறார்.